எப்சியின் தொண்டையைக் கெடுத்தது ரோஸ் மில்க் அல்ல

எப்சி போய்விட்டாள் என்ற செய்தி வந்தபோது நான் ஒருவருக்கு இருமல் மருந்து எடுத்துக்கொடுத்துக்கொண்டிருந்தேன். காலை பத்தரை மணி, மருந்துக் கடையில் கூட்டம். கைப்பேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கியிருந்தேன். பேசியவர் ஜெயசீலன் அண்ணன், நம் ஆலயத்தில் ஆர்கன் வாசித்துக்கொண்டு பாடகர் குழுவையும் கட்டி மேய்க்கிறவர்.

“சாலமோனு, எப்சி போய்ட்டாப்பா.”

“எங்க போய்ட்டா? ஞாயித்துக்கிழமை பாட்டு இருக்கு, யாரைக் கேட்டுப் போனா?”

என் வாய்க்கு என்னைவிட வேகம் அதிகம் என்பது உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு அது எனக்கும் தெரிந்தது.

“ஆஸ்பத்திரியில. விடிஞ்சதும். அம்மா பக்கத்துலதான் இருந்தாங்களாம்” என்றார் அண்ணன்.

இருமல் மருந்துக்குக் காத்திருந்த பாய் என் முகத்தைப் பார்த்தார். “இன்னா சாலமோன், ஒரு மாதிரி ஆய்ட்டே?”

“நம்ம சர்ச்சுல பாடுற பொண்ணு ஒண்ணு, பாய். தவறிடுச்சு.”

“யாரு, அந்த ரோஸ் மில்க் பொண்ணா?”

பாய் நம் ஆலயத்துக்கு வந்தவர் அல்லர். எப்சி பாடிக் கேட்டவரும் அல்லர். அவர் வரைக்கும் அந்தக் கதை போயிருக்கிறது. அவளுக்கு முப்பத்தொரு வயது. ஊர் அவளைப் பற்றி வைத்திருந்தது அந்த ஒரு கதையைத்தான்.

தெரியாதவர்கள் இருந்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். தொண்ணூறுகளின் நடுவில், அறுப்பின் பண்டிகையன்று, நம் ஆலய வளாகத்தில் வாலிபர் சங்கம் போட்டிருந்த கடையில் எப்சி என்கிற எப்சிபா ஒரே மூச்சில் ஏழு கிளாஸ் ரோஸ் மில்க் குடித்தாள். ஐஸ் போட்டது. குடித்துவிட்டு நேரே போய்ப் பாடினாள். தொண்டை கட்டியது. கட்டினது கட்டினதுதான், பிறகு திறக்கவே இல்லை. பெண்களின் உச்சக் குரலான சோப்ரானோ பாடிக்கொண்டிருந்த பெண்ணுக்கு ஆண்குரல் வந்துவிட்டது. இதுதான் கதை. பிள்ளையைப் பாடகர் குழுவில் சேர்த்திருக்கும் தாய்மார்கள் இன்றைக்கும் ரோஸ் மில்க் கடைப் பக்கம் விடுவதில்லை. அந்தக் கடையே பிறகு சுண்டல் கடையாகிவிட்டது.

அடக்க ஆராதனையில் ஆயர் அவர்களும் பிரசங்கத்தில் இதைச் சொன்னார். நமக்கு வந்து இரண்டு வருடமே ஆன மனிதர். யாரோ சொல்லிக் கேட்டிருப்பார். “தன் குறையையும் சிரிப்பாக மாற்றிய சகோதரி” என்றார். அழுதுகொண்டிருந்தவர்கள் மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இரண்டாவது வரிசையில் எப்சியின் அம்மா ராகேல் மட்டும் திரும்பி என்னைப் பார்த்தார்.

அந்தக் கதை பொய். அதைக் கட்டிவிட்டவன் நான்.

நம் திருச்சபை இதழின் கடைசிப் பக்கத்தில் பத்து வருடமாகச் சிரிப்புத் துணுக்கு எழுதுகிறவன் நான். ஆயரின் மிதிவண்டியையும் என் மனைவியின் மீன்குழம்பையும் மாற்றி மாற்றிக் கிண்டல் செய்து பக்கத்தை ஒப்பேற்றுகிறவன். என்னை முன்பக்கத்தில் எழுதச் சொன்னபோது ஆசிரியர் குழுவில் ஒருவர், “கொஞ்சம் சீரியஸா எழுதுங்க அண்ணே, சாவு விஷயம்” என்று எச்சரித்தார். முயல்கிறேன். இடையில் எங்கேயாவது நான் வேடிக்கை பேசினால், பயத்தில் பேசுகிறேன் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

எப்சிக்கு அப்போது பதினேழு வயது. குண்டு எறிகிறவள். பாலாற்றங்கரையில் பள்ளிக்கூட மைதானம் முடிகிற இடத்தில் நின்று மணலைப் பார்த்து எறிவாள். இரும்புக் குண்டு போய்ப் புதையும். அவளே இறங்கிப் போய்த் தோண்டி எடுத்து வருவாள். ஒரு மாலைக்கு ஐம்பது தடவை. ஊர் அவளை ‘குண்டு எப்சி’ என்றது. ஆள் குண்டு இல்லை, தென்னை மட்டை மாதிரி நீளம். “குண்டுன்னு மட்டும் கூப்பிட்டா பூரி ஞாபகம் வருதுண்ணே. குண்டு எறியற எப்சின்னு முழுசா கூப்பிடு, வாய் தேஞ்சிடாது” என்பாள் என்னிடம்.

சனிக்கிழமை குண்டு, ஞாயிற்றுக்கிழமை பாட்டு. ஈஸ்டர் ஆராதனையில் அவள் குரல் மேலே ஏறும்போது ஜெயசீலன் அண்ணன் ஆர்கன் சத்தத்தைக் குறைத்துவிடுவார். “அது இருக்கும்போது இது எதுக்கு?” என்பார். ஆண்கள் பாடும் டெனர் வரிசையில் கடைசி ஆளாக நின்று வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்த எனக்கு அந்த இடம் வந்தால் முதுகு சிலிர்க்கும். மற்றபடி அந்த வரிசையில் நான் எதற்கு இருந்தேன் என்பது கர்த்தருக்கே வெளிச்சம்.

அப்பா இல்லாத வீடு. அம்மா ராகேல் தோல் ஷாப்பில் உப்புத் தட்டுகிற வேலையில் இருந்தார். வெளியூரிலிருந்து உப்புப் போட்டு வரும் பச்சைத் தோலை விரித்து, உதறி, உப்பைத் தட்டி எடுக்க வேண்டும். நாள் முழுக்க அதுதான். உள்ளங்கை வெடித்து, வெடித்த இடத்தில் உப்பு ஏறும். ஆலயத்தில் சமாதானம் சொல்லிக் கைகொடுக்கும்போது அந்தக் கையைப் பிடித்தவர்களுக்குத் தெரியும். எப்சி எறிந்ததெல்லாம் அந்த உப்பிலிருந்து வெளியே போக. மாநிலப் போட்டியில் இடம் பிடித்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசாங்க வேலை. வேலை கிடைத்தால் அம்மாவை நிறுத்திவிடலாம். அவள் கணக்கு அவ்வளவுதான். அதை அவள் யாரிடமும் மறைக்கவில்லை.

அவளுக்குப் பயிற்சி கொடுத்த கோச்சின் பெயரை நான் எழுதவில்லை. இதில் என் பெயர் போதும். ஒரு நாள் அவர் ஒரு மருந்தின் பெயரைச் சீட்டில் எழுதிக்கொண்டு கடைக்கு வந்தார். பஜாரில் நான் அன்றைக்கும் இன்றைக்கும் நிற்கிற இதே மருந்துக் கடைதான். சீட்டைப் பார்த்ததும் எனக்குப் புரிந்தது.

“இது யாருக்கு, சார்?”

“எப்சிக்கு. ரெண்டு மீட்டர் பத்தல சாலமோன். சாப்பாட்டுல வராது. அவ வீட்டு சாப்பாடு உனக்கே தெரியும்.”

“பொம்பளப் புள்ளைக்கு எப்படி சார்?”

“எல்லா ஊர்லயும் போட்டுட்டுத்தான் வர்றாங்க. நாம மட்டும் யோக்கியமா இருந்தா, இவ காலம்பூரா இங்க உப்பு தட்டவேண்டியதுதான். கொஞ்சம் நாள்தான்பா. வேலை வந்ததும் நிறுத்திடலாம்.”

என்னை ஊரில் ‘அரை டாக்டர்’ என்பார்கள். கடைக்குப் பின்னால் பலகை வைத்து மறைத்த மூலையில் ஒரு பெஞ்சு. அங்கே ஊசி போடுவேன். போடக் கூடாது, ஆனால் போடுவேன். டாக்டரிடம் போனால் அரை நாள் கூலி போய்விடும் என்று ஜனங்கள் என்னிடம் வந்தார்கள். எனக்கும் அதில் ஒரு பெருமை இருந்தது. கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் இல்லாத குறைதான்.

அந்த மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்த தாளில் பொடி எழுத்தில் எல்லாம் போட்டிருந்தது. ஆண்களின் உடம்பில் ஊறுகிற சுரப்பைப் போன்றது அது. பெண்களுக்குப் போட்டால் குரல் தடிக்கும், அது திரும்பாமலும் போகலாம் என்று ஒரு வரி. கடையில் ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன். வாசித்தேன். இந்த ஒரு வார்த்தையை எழுத மூன்று தாளைக் கிழித்திருக்கிறேன். வாசித்தேன்.

சனிக்கிழமை ராகேல் அம்மா மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

“தம்பி, இது இன்னா ஊசி?”

“சத்து ஊசிம்மா” என்றேன்.

நம் பக்கத்தில் இந்த இரண்டு வார்த்தைக்கு மேல் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். காய்ச்சல் விட்டால் சத்து ஊசி, பிரசவம் ஆனால் சத்து ஊசி, பரீட்சைக்கு முன்னால் சத்து ஊசி. பெரும்பாலும் வைட்டமின்தான், சிவப்பாக இருக்கும். போட்டுக்கொண்டவர் அடுத்த தெருவரைக்கும் நிமிர்ந்து நடப்பார். ராகேல் அம்மாவும் தலையை ஆட்டிக்கொண்டு மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். ஊசி போட்ட இடத்தைத் தேய்த்துவிட்டபடி எப்சி, “செவப்பா இல்லையே அண்ணே, எண்ணெய் மாதிரி கீது” என்றாள். “ஒசந்த சரக்கு” என்றேன் நான்.

வாரா வாரம் வந்தார்கள். எத்தனையாவது வாரமோ, ராகேல் அம்மா பலகைக்குப் பின்னால் வந்து, தான் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

“இன்னிக்கி எனக்கும் ஒண்ணு போடு தம்பி. கை கால்லாம் ஒரே ஓய்ச்சல். இவளுக்குப் போடுறியே, அதுவே போடு. ஆளு எப்படித் தேறிட்டா பாரு.”

நான் சிரிஞ்சைக் கையில் வைத்திருந்தேன். வாய் முந்திக்கொண்டது. “ஐயோ, அது உங்களுக்கு வேணாம்மா. உங்களுக்கு ஆவாது.”

“ஏன்பா?”

“உங்களுக்கு வேற செவப்பு ஊசி கீது. அது போடுறேன்.”

ராகேல் அம்மாவுக்கு அது போதும். ஆனால் எப்சி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவுக்குச் சிவப்பு ஊசியைப் போட்டு அனுப்பியதும், பலகை ஓரத்தில் நின்று மெதுவாகக் கேட்டாள்.

“அண்ணே, அம்மாவுக்கு ஆவாதது எனக்கு எப்படி ஆவும்?”

பதில் சொல்லியிருக்கலாம். ஒரு நிமிஷம்கூட ஆகாது. ஆனால் நான் எப்போதும் செய்வதைச் செய்தேன். “உங்கம்மா குண்டு எறியப் போறாங்களா? எறிஞ்சா சொல்லு, அவங்களுக்கும் போட்டுடலாம்” என்றேன். சிரித்துவிட்டாள். கையை நீட்டினாள். வேடிக்கை சொல்லி நான் சிரிக்க வைத்தவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர். இந்த ஒரு சிரிப்புதான் என்னை விடுவதே இல்லை. கடையில் கூட்டமில்லாத மத்தியான நேரத்தில் பலகைக்கு அந்தப் பக்கமிருந்து கேட்கும். பலகையை எடுத்துப் பல வருடம் ஆகிறது.

அந்த வருடம் மாவட்டப் போட்டியில் முதலிடம். வேலூரில் நடந்தது. நானும் போயிருந்தேன். குண்டு போய் விழுந்த இடத்தைப் பார்த்து அளவு நாடா பிடித்தவரே ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். கோச் என் முதுகில் தட்டினார். நான் ஏதோ நானே எறிந்ததுபோல் இளித்தேன்.

பிறகு அறுப்பின் பண்டிகை. தனிப்பாட்டு எப்சிக்கு. ஒரு மாதமாகவே அவள் குரல் கரகரத்துக்கொண்டிருந்தது. பிராக்டிஸில் மேலே போகாமல் இருமிச் சமாளித்தாள். அன்றைக்குச் சமாளிக்க முடியவில்லை. முதல் அடி ஒழுங்காக வந்தது. இரண்டாவது அடியில் மேலே ஏற வாயைத் திறந்தாள். வந்தது அவள் குரல் இல்லை. மீசை முளைக்கிற வயதுப் பையனின் உடைந்த குரல் அது. வாயைப் பொத்திக்கொண்டாள். ஜெயசீலன் அண்ணன் மட்டும் என்ன செய்வதென்று தெரியாமல் வாசித்துக்கொண்டே போனார். பெண்கள் பக்கத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

ஆராதனை முடிந்து வெளியே ஒரே கூட்டம். “இன்னாச்சு அந்தப் பொண்ணுக்கு?” “வயசுக் கோளாறா?” “ஏதாவது ஆம்பளைப் பிள்ளையா இருக்குமோடி?” அந்தக் கடைசிக் கேள்வி எப்சியின் காதில் விழுந்தது. அவள் முகத்தை நான் பார்த்தேன். அந்தக் கேள்வி வளர்ந்தால் எந்த வாசலில் வந்து நிற்கும் என்றும் பார்த்தேன். என் கையில் ரோஸ் மில்க் கிளாஸ் இருந்தது. அதை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, “எல்லாம் இந்தச் சனியன்தான்! காலையிலிருந்து ஏழு கிளாஸ் ஊத்திக்கிச்சு. ஐஸ் போட்டது. தொண்டை நிக்குமா?” என்று கத்தினேன். கூட்டம் சிரித்தது. எப்சி ஒரு கிளாஸ்கூடக் குடிக்கவில்லை. பாடப்போகிறோம் என்று வெந்நீர்தான் குடித்தாள்.

அவளைக் காப்பாற்றத்தான் சொன்னேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதி உண்மை. மீதிப் பாதியை நீங்களே எழுதிக்கொள்ளலாம்.

தொண்டை இறங்கிய பிறகும் ஊசி நிற்கவில்லை. அடுத்த மாதம் சென்னையில் மாநிலப் போட்டி. “போனது போச்சு, வேலையாவது வரட்டும்” என்றார் கோச். எப்சியும் அதைத்தான் நினைத்தாள். ஏனென்றால் அது சத்து ஊசி, தொண்டைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று அவளிடம் சொன்னவன் மருந்து தெரிந்தவன்.

சென்னைக்குப் போனவள் மறுநாள் மத்தியானமே திரும்பிவிட்டாள். பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்குப் போகாமல் நேரே கடைக்கு வந்தாள். தோளில் பை, காலில் மைதானத்து ஷூ.

“இன்னா எப்சி, அதுக்குள்ள வந்துட்டே?”

“எறியலண்ணே.” அந்தப் புதுக் குரலில் சொன்னாள். “மூத்திரம் புடிச்சுப் பாக்கப் போறாங்கன்னு பேச்சு வந்துச்சு. கோச் சார் வயித்துப்போக்குன்னு எழுதிக் குடுக்கச் சொல்லி என்னை பஸ் ஏத்திவுட்டுட்டாரு.”

நான் மாத்திரை அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அடுக்கியதையே கலைத்து மறுபடி அடுக்கினேன்.

“அண்ணே.”

“சொல்லும்மா.”

“சத்து ஊசியை மூத்திரத்துல எதுக்குத் தேடறாங்க?”

இதற்கும் என்னிடம் ஒரு வேடிக்கை இருந்திருக்க வேண்டும். வரவில்லை. நான் நிமிரவும் இல்லை. அவள் பையை மாற்றித் தோளில் போட்டுக்கொண்டு, “சரிண்ணே” என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த ‘சரிண்ணே’யில் கோபம் இருந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

அதற்கப்புறம் அவள் குண்டைத் தொடவில்லை. கோச் மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். எப்சி ஷூ கம்பெனியில் தையல் லைனில் சேர்ந்து, சில வருடத்தில் சூப்பர்வைசர் ஆனாள். நூறு மிஷின் ஓடுகிற சத்தத்துக்கு மேலே அவள் குரல் போகும். “ஏய், அந்தக் கடைசி லைனு! கை ஓடுதா வாய் ஓடுதா?” என்று ஒரு சத்தம் போட்டால் கடைசி லைன் நிமிரும். பெண்கள் அவளை ‘எப்சி சார்’ என்றார்கள். முதலில் கிண்டலாக, பிறகு பழக்கமாக. அம்மாவை அவள் வேலையிலிருந்து நிறுத்தினாள். அவள் நினைத்த சம்பளத்தில் இல்லை, நினைத்த வயதிலும் இல்லை.

இரண்டு வருடம் ஆலயத்தில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெயசீலன் அண்ணனிடம் போய், “டெனருக்கு ஆள் கம்மிதானே? இவரு வாயை அசைச்சுக்கிட்டு நிக்கிறாரு, அந்த இடத்தை எனக்குக் குடுங்க” என்றாள், என்னைக் காட்டி. ஆண்கள் வரிசையில் பெண் எப்படி நிற்பது என்று கமிட்டியில் பேச்சு வந்தது. கடைசியில் பெண்கள் வரிசையின் கோடியில், ஆண்கள் வரிசைக்கு ஒரு அடி தள்ளி நிற்க வைத்தார்கள். அந்த ஒரு அடி இடைவெளியில் நின்று பத்து வருடம் டெனர் பாடினாள். நல்ல டெனர். இப்போது அந்த இடத்தில் யாரும் நிற்பதில்லை. இரண்டு வரிசையும் அதை நெருங்காமலே நிற்கின்றன. கவனித்திருப்பீர்கள்.

பெண் பார்க்க வந்தவர்கள் கதையை அவளே சொல்வாள். ராணிப்பேட்டை மாப்பிள்ளை. பெண் பாடுவாளாமே, பாடட்டும் என்றார்களாம். “நான் ஆரம்பிச்சேன் அண்ணே. மாப்பிள்ளையோட அம்மா காபியை அப்படியே கீழ வச்சாங்க. மாப்பிள்ளை மட்டும் நல்லா இருக்குன்னாரு. அவரும் டெனராம். ஒரு வீட்டுக்கு ரெண்டு டெனர் ஜாஸ்தின்னு போய்ட்டாங்க.” சொல்லிவிட்டு அவளே முதலில் சிரிப்பாள். தாடையில் முளைக்கிற முடியை நூல் வைத்து எடுக்க வாரம் ஒருமுறை வேலூருக்குப் போய்வந்தாள் என்பதை அவள் சொன்னதில்லை. என் மனைவி சொல்லித்தான் தெரியும்.

ஒருமுறை கடைக்குத் தொலைபேசியில் கூப்பிட்டாள். நான் எடுத்து, “சொல்லுங்க சார்” என்றேன். “சார் இல்லண்ணே, எப்சி” என்றாள். இப்போதும் போனில் முன்பின் தெரியாத ஆண்குரல் கேட்டால் ‘சார்’ என்று சொல்ல எனக்கு நாக்கு எழுவதில்லை. யார் என்று அவர்களே சொல்லட்டும் என்று காத்திருக்கிறேன். மரியாதை தெரியாத ஆள் என்று இரண்டு பேர் முதலாளியிடம் புகார் சொல்லிவிட்டார்கள்.

மூன்று மாதத்துக்கு முன்னால் வேலூரில் ஆஸ்பத்திரியில் அவளைப் பார்த்தேன். இதயம் வீங்கியிருக்கிறது என்றார்கள். பழைய ஊசிக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று டாக்டர்கள் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. உண்டு என்று சொல்ல எனக்குத் தெரியாது. இல்லை என்று சொல்ல எனக்கு வாயில்லை.

தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நான் ஏதோ நர்ஸைப் பற்றி வேடிக்கை ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினாள்.

“எங்க பெரியம்மா வீட்டு அண்ணன் பொண்ணு ஓடுறாண்ணே. எட்டாவது. நல்லா ஓடுறா. யாரோ ஒரு ஆளு வீட்டுக்கு வந்து ஒரு டப்பா குடுத்துட்டுப் போயிருக்கான். சத்து மாத்திரையாம்.”

நான் போர்வையின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தேன்.

“வேணான்னேன். ‘அத்தே, நீ ரோஸ் மில்க் குடிச்சு தொண்டையைக் கெடுத்துக்கினே, உனக்கு இன்னா தெரியும்’னு கேக்கறா.” சிரிக்கப் பார்த்தாள், மூச்சு வாங்கியது. “உன் கதை நல்லாத்தான் இருந்துச்சு. என்னை ஆம்பளையான்னு கேட்ட வாயை அது மூடிச்சு. அதுக்காகத்தான் நானும் கூட சொன்னேன். ஆனா இப்ப அது அந்தப் பொண்ணு தலையில வந்து உக்காருது. நீதானே எழுதறவன். ஒருக்கா நெஜத்தை எழுது. நான் சொன்னா பேச்சு. அச்சுல வந்தா நம்ம ஜனங்க வேதம் மாதிரி நம்புவாங்க.”

“எழுதறேன்” என்றேன்.

அந்த மாதம் ஆயரின் மிதிவண்டியைப் பற்றி எழுதினேன். அடுத்த மாதம் மீன்குழம்பு. மூன்றாவது மாதம் எதுவும் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தபோது ஜெயசீலன் அண்ணனின் போன் வந்துவிட்டது.

ஆகவே இப்போது எழுதுகிறேன். எட்டாவது படிக்கிற அந்தப் பெண்ணுக்காக, மைதானத்துக்குப் பிள்ளையை அனுப்பும் பெற்றோருக்காக. எப்சியின் தொண்டையைக் கெடுத்தது நான் போட்ட ஊசி. அதன் பெயர் சத்து ஊசி இல்லை. அந்தப் பெயரில் யாராவது எதையாவது கொண்டுவந்தால், பெட்டிக்குள் இருக்கும் தாளை வாங்கி, அதை வாசிக்கத் தெரிந்த ஒரு முழு டாக்டரிடம் காட்டுங்கள். என் மாதிரி அரை டாக்டரிடம் காட்டாதீர்கள்.

இதை அச்சுக்குக் கொடுக்கும் முன் ராகேல் அம்மாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று நேற்றுப் போனேன். வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். எதிரே ஸ்டூல் போட்டுக்கொண்டு, வழியெல்லாம் ஒத்திகை பார்த்ததை மறந்துவிட்டு, “அம்மா, அது சத்து ஊசி இல்ல” என்றேன்.

“தெரியும்பா.”

“எப்படி?”

“அவ சொன்னா. பத்து வருஷம் ஆவுது.”

“அப்ப ஏம்மா என்னை ஒரு வார்த்தை கேக்கல? ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை கை குடுத்தீங்களே.”

கீரைத் தண்டை ஒடித்தபடி சொன்னார். “கேக்கத்தான் கெளம்பினேன். அவதான் வேணாம்னா. ‘சாலமோன் அண்ணன் தானா வந்து சொல்லுவாரும்மா, நீ கேட்டா ஜோக்கு சொல்லிடுவாரு’ன்னா. சரின்னு இருந்தேன். இவ்ளோ நாளு நீ ஆக்குவேன்னு அவளும் நெனைக்கல, நானும் நெனைக்கல.”

கொண்டுபோயிருந்த தாள்களை வாசித்துக் காட்டச் சொன்னார். இந்தக் கட்டுரையைத்தான் முழுவதும் வாசித்தேன். ரோஸ் மில்க் இடத்தில் சிரிக்கவில்லை, மற்ற இடங்களில் அழவும் இல்லை. ஊசி போட்ட பத்தியில், ‘ஏழெட்டு முறை போட்டிருப்பேன்’ என்று நான் எழுதியிருந்த வரி வந்ததும் கையை நீட்டினார்.

“நிறுத்து. ஏழெட்டு இல்ல.”

“ஞாபகத்துல எழுதினேம்மா.”

“பதினொண்ணு. அவ கையைப் பிடிச்சுக்கினு நின்னது நானு. ஒவ்வொரு தடவையும் வெளிய வந்து ஸ்வீட் கடையில அவளுக்கு ஒரு மக்கன் பேடா வாங்கிக் குடுப்பேன். வலிச்சிருக்கும்னு. பதினொரு தடவை வாங்கினேன். சரியா எழுது.”

அந்த வரியை அங்கேயே அடித்தேன். எப்சி பாடிய ஒலிநாடா நம் ஆலயத்தில் இருக்கிறது, அவள் படம் பாடகர் குழு அறையில் மாட்டப்போகிறார்கள். அவளிடமிருந்து என் பங்குக்கு நான் வைத்துக்கொண்டது ராகேல் அம்மா திருத்திக் கொடுத்த அந்த எண்ணிக்கையைத்தான். பதினொன்று.